ஏணியை எடுக்கும் முன்

இந்தியச் சுரங்கப் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால் முதல் பக்கங்களிலேயே கோலார் தங்கவயலின் பெயர் வந்துவிடும். 1897-இல் இங்கே நேர்ந்த விபத்தில் 52 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் மாண்டார்கள். இந்த இரண்டு விபத்துகளும் சேர்ந்துதான் அரசை அசைத்தன. 1901-இல் சுரங்கச் சட்டம் வந்தது. 1902 ஜனவரியில் சுரங்கங்களைச் சோதிக்கத் தனி அலுவலகமே ஏற்பட்டது. அதற்கு முன்பும் தொழிலாளிகளிடம் "பார்த்து வேலை செய்" என்று சொல்லாத மேஸ்திரி இருந்திருக்க மாட்டார். சொன்னது போதவில்லை. மனிதன் எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் கவனம் பிசகும். பிசகும் அந்த நாளிலும் உயிர் போகாதபடி முன்கூட்டியே ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்துக்கு அடியில் இருந்த எண்ணம்.

வீட்டுப் பரணைச் சுத்தம் செய்வதைப் பற்றிய அத்தியாயத்தைச் சுரங்க விபத்தில் தொடங்கக் காரணம் உண்டு. தங்கவயலில் பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை பார்த்த தலைமுறைகள் வாழ்ந்த வீடுகள் இவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. அங்கே இறங்குவதற்கு விதி இருந்தது, சோதனை இருந்தது, பொறுப்பாளர் இருந்தார். அதே ஆள் வீடு திரும்பி, போகிக்கு முதல் நாள் ஒட்டடை அடிக்க ஆடும் ஸ்டூலின் மேல் ஏறி நின்றால் கேட்க ஆளில்லை. வீட்டுக்குள் எந்த ஆய்வாளரும் வருவதில்லை. "பார்த்து ஏறு" என்ற ஒரே சொல்தான் அங்கே சட்டம், கருவி, மேற்பார்வை எல்லாமே. அந்தச் சொல் போதாது என்பதை இந்த ஊர் 1897-லேயே கற்றுக்கொண்டது. கற்றதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதே இங்கே பேச்சு.

முதலில், விழுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் விழுதலுக்குத்தான். இறப்பவர்களில் அதிகம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இதில் மலையிலிருந்தும் மாடியிலிருந்தும் விழுகிறவர்கள் மட்டும் இல்லை. வீட்டுக்குள்ளேயே, சாதாரண உயரத்திலிருந்து விழுகிறவர்களும் உண்டு.

"இரண்டடி ஸ்டூல்தானே" என்பார்கள். இரண்டடி என்பது பாதத்தின் கணக்கு. தலையின் கணக்கைப் பாருங்கள். ஐந்தே கால் அடி உயரமுள்ள ஒருவர் இரண்டடி ஸ்டூலில் நின்றால் அவர் தலை தரையிலிருந்து ஏழடிக்கு மேல் இருக்கிறது. அங்கிருந்து தடையில்லாமல் விழுந்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 23 கிலோமீட்டர். சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்ச் சுவரில் தலையை மோதுவதற்குச் சமம். விழ ஆகும் நேரம் முக்கால் வினாடிக்கும் குறைவு. கால் நழுவியதை மூளை உணர்ந்து, கை எதையாவது பற்றிக்கொள்ளத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கவனம் வேலை செய்ய நேரம் வேண்டும். இங்கே அந்த நேரமே கிடையாது. ஆகவே, பத்திரம் என்பது ஏறிய பிறகு செய்கிற காரியமாக இருக்க முடியாது. ஏறுவதற்கு முன்பே அது முடிவாகிவிடுகிறது.

தங்கவயல் வீட்டில் இன்னொரு ஆபத்து உண்டு. மற்ற ஊர் வழிகாட்டி நூல்கள் அதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியதில்லை. பரண் மேலும் அலமாரித் தலையிலும் விசிறி இறக்கையிலும் படிந்திருக்கும் தூசியில் சமையல் புகையும் துணி நாரும் மட்டுமே இருக்கும் என்று இங்கே சொல்லிவிட முடியாது. பொன் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். அந்தப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தபின் மிஞ்சிய மண்தான் ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கிறது. மூன்று கோடி டன்னுக்கும் மேல் இருக்கும் அந்த மண்ணை மக்கள் சயனைடு மலை என்கிறார்கள். காற்று வீசும் மாதங்களில் அது எழும்பி வீட்டுக்குள் வருவதை மாரிக்குப்பம், கோரமண்டல், சாம்பியன் ரீஃப் பக்கத்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பரண் மேல் விரலை வைத்து இழுத்தால் கறுப்புத் தூசிக்கு நடுவே பவுடர் போல வழவழப்பாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒட்டுவது பெரும்பாலும் இதுதான். பெயரில் சயனைடு இருப்பதால் எல்லாரும் நஞ்சை நினைத்துப் பயப்படுகிறார்கள். நுரையீரலுக்கு நெடுங்காலப் பகை அதில் உள்ள சிலிக்கா.

சிலிக்கா என்ன செய்யும் என்பதற்கு வேறு நாட்டு ஆராய்ச்சியைத் தேடிப் போக வேண்டாம். 1940-களில் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் 7,600-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது தெரியவந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி எழுதுகிற மருத்துவ நூல்கள் இன்றும் இந்த ஊரைக் குறிப்பிடாமல் தொடங்குவதில்லை. சிலிக்கோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. அந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் பற்றும். அந்தத் தொழிலாளிகள் கவனமில்லாதவர்களா? உள்ளே போகும் தூசியைக் கண்ணால் பார்க்கவே முடியாதபோது எதைப் பார்த்துக் கவனமாக இருப்பது? நுரையீரலின் ஆழம் வரை போகும் துகள் சில மைக்ரான் அளவுதான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதற்கு எதிராகச் சுரங்கத் தொழில் கண்டுபிடித்த பதில் மிக எளிது: தண்ணீர். பாறையைத் துளைக்கும்போதே துளைக்குள் நீரைப் பாய்ச்சினால் தூசி சேறாகிவிடும், காற்றில் ஏறாது. கூடவே காற்றோட்டம். ஆளின் எச்சரிக்கையை நம்பாமல் தூசியின் குணத்தை மாற்றிவிட்டார்கள்.

அந்த வழி வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். உலர்ந்த துடைப்பத்தால் பரணைத் தட்டாதீர்கள். பழைய துணியை நனைத்துப் பிழிந்து, தூசியை மடித்து எடுப்பதுபோல் ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். துணி கறுத்ததும் வாளியில் அலசுங்கள். தூசி தடிமனாக இருந்தால் முதலில் நீர் தெளிப்பானால் மெல்லிய தூவலாக நனைத்து, ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். ஒட்டடைக் கம்பின் நுனியிலும் ஈரத்துணியைச் சுற்றிக்கொள்ளலாம். சாதாரண வாக்குவம் கிளீனர் வைத்திருப்பவர்கள் அதை நம்ப வேண்டாம். நுண்தூசி அதன் பையைத் தாண்டிப் பின்பக்கமாக அறைக்கே திரும்பிவிடும். முகத்தில் துண்டு கட்டுவது தும்மலைக் குறைக்கும், நுண்துகளைத் தடுக்காது. என்95 முகக்கவசம் அல்லது ஐ.எஸ். 9473 என்று அச்சிட்ட எஃப்.எஃப்.பி.2 வகைக் கவசம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. மூக்கின் மேல் உள்ள கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல் அணிந்தால்தான் பலன். தாடி இருந்தால் கசியும்.

இங்கே ஒரு கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். இரண்டு மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் துகள் எட்டடி உயரத்திலிருந்து அசையாத காற்றில் கீழே இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அசைகிற காற்றில் இன்னும் அதிகம். கூடத்தில் தூசி தெரியவில்லை, தரையைத் துடைத்தாயிற்று, குழந்தையை உள்ளே விடலாம் என்று நினைக்கும் வேளையில்தான் மிக நுண்ணிய தூசி மூக்கின் உயரத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. குடத்தையும் அரிசிப் பானையையும் முன்பே மூடிவைத்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, வேலை முடிந்ததும் சில மணி நேரம் அந்த அறையை விட்டு வெளியே இருங்கள். மறுநாள் காலையில் ஈரத்துணியால் தரையையும் சாமான்களையும் இன்னொரு முறை துடையுங்கள். அந்த இரண்டாம் துடைப்பில் வரும் அழுக்கைப் பார்த்தால் முதல் நாள் காற்றில் என்ன இருந்தது என்று தெரியும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. சுரங்கத்தில் தினம் எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் தூசி குடித்தவர்களுக்கு வந்த நோயைக் காட்டி, வருடத்துக்கு நான்கு முறை அரை மணி நேரம் ஒட்டடை அடிக்கிறவர்களைப் பயமுறுத்தலாமா? பயமுறுத்தக் கூடாது. அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பரணைச் சுத்தம் செய்ததால் ஒருவருக்கு சிலிக்கோசிஸ் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தங்கவயலில் அந்த அறையில் இருப்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் இந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஏற்கெனவே தழும்பேறிய நுரையீரல் உள்ளவருக்கு அரை மணி நேரத் தூசி கூட இருமலாக, மூச்சுத்திணறலாக, ஆஸ்பத்திரியாக முடியலாம். அவரை அன்றைக்கு மகள் வீட்டுக்கோ தெருக்கோடி மர நிழலுக்கோ அனுப்பிவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இனி ஏறுவதற்கு வருவோம். முதல் கேள்வி எப்படி ஏறுவது என்பதாக இருக்கக் கூடாது. ஏறத்தான் வேண்டுமா என்பதாக இருக்க வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் கூரை தாழ்வு. நீளக் கம்பு ஒன்று இருந்தால் ஒட்டடைக்காக யாரும் தரையை விட்டுக் காலைத் தூக்க வேண்டியதில்லை. ராபர்ட்சன்பேட்டையின் கான்கிரீட் வீடுகளில் பத்தடி கூரைக்குக்கூட நீட்டி மடக்கும் கம்பு எட்டும். பரணில் இருக்கும் சாமான்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். வருடத்துக்கு ஒருமுறை வெளியே வரும் கிறிஸ்துமஸ் குடில், பொங்கல் பானை, கல்யாண அண்டா ஆகியவை மேலே இருக்கட்டும். மாதம் ஒருமுறை தேவைப்படும் எதையும் தலைக்கு மேல் வைக்காதீர்கள். கனமானதை ஒருபோதும் வைக்காதீர்கள். ஏணியில் நின்றபடி இரண்டு கையாலும் அண்டாவை இறக்குகிற காட்சிதான் பல விபத்துகளின் கடைசிக் காட்சி.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் எதில்? பிளாஸ்டிக் நாற்காலியில் கூடாது என்று தயக்கமில்லாமல் சொல்வேன். அது உட்கார்வதற்காகச் செய்தது. எடை நடுவில் விழும்வரை நான்கு காலும் தாங்கும். நின்றவர் ஓரமாகச் சாய்ந்து கையை நீட்டியதும் எடை ஒரு காலுக்குப் போகிறது. மொசைக் தரையில் அந்தக் கால் விரிந்து வழுக்குகிறது. வாசலில் வெயிலில் கிடந்த நாற்காலி இன்னும் மோசம். வெயில் பிளாஸ்டிக்கை மொறுமொறுப்பாக்கி வைத்திருக்கும், ஒடியும்வரை வெளியே தெரியாது. ஸ்டூல் மேல் ஸ்டூல், கட்டில் மேல் பெட்டி, சன்னல் கம்பியில் ஒரு கால் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டு பக்கமும் கால் உள்ள அலுமினிய மடக்கு ஏணி ஒன்று வேண்டும். விரித்தபின் நடுவிலுள்ள பூட்டுப்பட்டை முழுக்க நேராகி அமர்ந்ததா என்று கையால் தட்டிப் பாருங்கள். மேல் இரண்டு படிகளில் நிற்கக் கூடாது, அவை பிடிப்பதற்கு. இடுப்பு ஏணியின் இரண்டு கைக்கம்புகளுக்கு நடுவிலேயே இருக்கட்டும். தொப்புள் கம்பைத் தாண்டி வெளியே போகிறதென்றால் எட்டிப் பிடிக்கிறீர்கள் என்று அர்த்தம். இறங்கி ஏணியை நகர்த்துங்கள். இந்த ஒரு பழக்கத்துக்கு இருபது வினாடி ஆகும். அந்த இருபது வினாடியை மிச்சப்படுத்தப் போய்த்தான் பெரும்பாலும் ஏணி சாய்கிறது.

சுவரில் சாய்க்கும் மூங்கில் ஏணியோ இரும்பு ஏணியோ என்றால் நாலுக்கு ஒன்று என்ற கணக்கு. ஏணி சுவரைத் தொடும் இடம் 12 அடி உயரமென்றால் அடிப்பாகம் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். இன்னும் நெருக்கினால் ஆள் பின்பக்கம் சாய்வார். இன்னும் தள்ளினால் அடி வழுக்கும். மாடிக்கு ஏறுவதானால் ஏணியின் தலை தளத்துக்கு மேல் மூன்றடியாவது நீண்டு நிற்க வேண்டும், இறங்கும்போது பிடித்துக்கொள்ள. மூங்கில் ஏணியில் கயிறு கட்டிய முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். படியின் அடியில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வண்டு குடைந்திருக்கிறது, அந்த ஏணியை அடுப்புக்குக் கொடுத்துவிடுங்கள். ஏறும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும், எப்போதும் ஏணியில் இருக்கட்டும். புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். நைட்டி கட்டாயம் படியில் மாட்டும். ஈரத்துணியால் வேலை செய்யச் சொன்னதால் இதையும் சொல்ல வேண்டும்: தரையில் சொட்டிய நீரை ஏணியை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு நகர்த்துங்கள்.

ஏணிக்குப் பணம் எங்கே என்பார்கள். வேலையிழந்த ஊரில் இது சும்மா சொல்லும் சாக்கு இல்லை. ஆனால், ஆறடி மடக்கு ஏணி வருடத்தில் பத்து நாள் கூட வேலை செய்யாத பொருள். ஒரே வரிசையில் பத்து வீடுகள் சுவரைப் பகிர்ந்துகொள்கிற லைனில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று எதற்கு? பத்து வீடு சேர்ந்து ஒன்று வாங்கலாம். கோயில் கமிட்டியிடமோ சர்ச்சிலோ ஒன்று இருந்தால் போதும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கத் தெரிந்த தெருவுக்கு இது பெரிய காரியம் ஆகாது. கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல ஏணியின் விலை அதில் சிறு பங்குதான்.

மின்விசிறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூருக்கு மூன்று ஆண்டு முந்தியே. பழைய கட்டடங்களில் ஒயரிங்கும் பழையதாக இருக்கலாம். சுவிட்சை அணைத்தால் விசிறி நிற்கும், ஆனால் சுவிட்ச் தவறான கம்பியில் போடப்பட்டிருந்தால் விசிறியில் மின்சாரம் அப்படியே இருக்கும். மெயினை இறக்குங்கள், இறக்கிய இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டிவையுங்கள், இல்லாவிட்டால் "கரண்ட் போச்சா?" என்று யாராவது தூக்கிவிடுவார்கள். விசிறிக்கு நேர் கீழே ஏணியைப் போட்டு அண்ணாந்து பார்த்து வேலை செய்யாதீர்கள். தலையை நீண்ட நேரம் பின்னால் சாய்த்தால் பலருக்குத் தலை சுற்றும். இறக்கை கண்ணுக்கு நேராக வரும்படி சற்றுப் பக்கமாகப் போடுங்கள். பழைய தலையணை உறையை லேசாக நனைத்து, இறக்கை முழுவதையும் அதற்குள் நுழைத்து, மேலும் கீழும் அழுத்திப் பிடித்து மெதுவாக வெளியே இழுங்கள். தூசி முழுக்க உறைக்குள் விழும். கட்டிலில் ஒரு துளி விழாது, உங்கள் கண்ணிலும் விழாது. உறையை உள்பக்கம் வெளியே வரும்படி வாளி நீருக்குள்ளேயே திருப்புங்கள். வெளியில் இரும்பு, அலுமினிய ஏணி பயன்படுத்தினால் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரிலிருந்து பத்தடியாவது தள்ளியே இருங்கள்.

கூரை மேல் ஏறுவது பற்றி என் கருத்து கடுமையானது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் யாரும் ஏறக் கூடாது. பழகியவரும் கூடாது, ஒல்லியானவரும் கூடாது. புதிதில் தாங்கியது வெயிலிலும் மழையிலும் இருபது ஆண்டு கிடந்தபின் தாங்காது. அது வளைந்து எச்சரிப்பதில்லை. சட்டென்று உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். போல்ட் இருக்கும் வரிசையில் கால் வைத்தால் பயமில்லை என்பார்கள். பாசி படிந்த கூரையில் அந்த வரிசை தெரியாது, தெரிந்தாலும் கால் அரை அடி தவறினால் முடிந்தது. உடைந்த ஷீட்டிலிருந்து எழும் நார் வேறு நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஆஸ்பெஸ்டாஸைத் தடை செய்துவிட்டன. உலர்ந்த ஷீட்டைத் தேய்ப்பதும் துளையிடுவதும் அதனால் கூடாது. சருகை அகற்ற வேண்டுமானால் கூரை விளிம்பு வரை மட்டும் ஏணியில் போய், நனைத்தபின், நீளக் கம்பில் கட்டிய மென்மையான துடைப்பத்தால் இழுங்கள். ஒழுகினால் ஷீட்டை மாற்றத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் குறுக்குச் சட்டங்களின் மேல் அகலப் பலகை போட்டு ஏறுகிறாரா என்று நின்று பாருங்கள்.

ஆளைக் கூப்பிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு சொல். கூலிக்கு வருகிறவர் விழுந்தாலும் அதே வேகத்தில்தான் விழுவார். உங்கள் ஆபத்தை முந்நூறு, நானூறு ரூபாய்க்கு இன்னொருவர் தலையில் வைத்தீர்களே தவிர, அது குறையவில்லை. அவருக்கும் அதே ஏணி, அதே முகக்கவசம், கீழே பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். சுண்ணாம்பு அடிப்பவர், பெயின்ட்டர் போன்றவர்கள் "எங்களுக்குப் பழக்கம்மா" என்பார்கள். பழக்கம் என்பது இதுவரை விழவில்லை என்ற தகவல் மட்டுமே. இதே ஊரில் பழக்கத்துக்குக் குறைவில்லாதவர்கள்தான் சுரங்கத்திலும் மாண்டார்கள்.

இந்த ஊரின் இன்றைய வாழ்க்கை முறையே ஓர் ஆபத்தைச் சேர்க்கிறது. சுரங்கம் மூடியபின் வேலைக்கு வழி பெங்களூர். விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் ஆயிரக்கணக்கானவர்கள் போய் இரவில் திரும்புகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பது பெரியவர்களும் சிறு குழந்தைகளும். பண்டிகை நெருங்கினால் "பிள்ளைகள் களைத்துப்போய் வருவார்கள், நாமே முடித்துவிடுவோம்" என்று அறுபத்தைந்து வயது அம்மா ஏறுகிறார். ரத்த அழுத்த மாத்திரை போட்டவருக்குக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். இரண்டு பார்வைக் கண்ணாடி போட்டவருக்குக் கீழே பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். இறங்கும்போது கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைப்பார். விரத நாளில் வெறும் வயிற்றோடு ஏறுவதும் உண்டு. அவர்களிடம் "ஏறாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் கேட்கமாட்டார்கள். அழுக்கோடு பண்டிகையை வரவேற்க அவர்களுக்கு மனம் வராது, அது மதிக்க வேண்டிய மனம். வேலையைப் பிரித்துக்கொள்வதே வழி. தரையில் நின்று செய்யக்கூடிய எல்லாம் அவர்களுடையது. ஏணி மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒரே நாளில் வீடு முழுக்க முடிக்க வேண்டும் என்ற அவசரத்தை விட்டு, பண்டிகைக்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் ஒவ்வொரு அறையாக முடித்தால் யாரும் களைப்பில் ஏற வேண்டியிருக்காது.

எவ்வளவு செய்தும் யாராவது விழுந்துவிட்டால், ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கால் மரத்திருக்கிறது என்றால் இருந்த நிலையிலேயே அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டு எழுந்து நடந்தாலும் அன்றைய இரவு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். மீண்டும் மீண்டும் வாந்தி, அதிகமாகும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம் என ஏதாவது ஒன்று தெரிந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். பெருங்காயம் என்றால் பெங்களூர் இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வீட்டில் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பயணத்தோடு சேரும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருக்கும் ஏணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து தலைகீழாகத் திருப்புங்கள். நான்கு காலிலும் ரப்பர் செருப்பு இருக்கிறதா, தேய்ந்து உலோகம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும், அதை மாட்டும்வரை அந்த ஏணியில் யாரையும் ஏறவிடாதீர்கள்.